வீட்லயே பேஸ் கிட்டார் செய்யறதா இருந்தா: கிட் வாங்கறதா, பாடி மட்டும் செய்யறதா, நெக்கும் சேத்தா?

எலெக்ட்ரிக் பேஸ் ஒண்ணை வீட்லயே கையால செய்யணும்னு ஆசை வந்தவங்க முதல்ல கேக்கறது என்ன மரம் போடலாம், என்ன பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை மின்சாரமா மாத்தற பாகம்) போடலாம்னுதான். அது ரெண்டும் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல முடிவு பண்ண வேண்டியது நெக்கை, அதாவது ஸ்ட்ரிங் ஓடற நீளமான கைப்பகுதியை, யார் செய்யப் போறாங்கன்னு. செலவு எவ்வளவு, என்னென்ன கருவி வேணும், எத்தனை மாசம் ஆகும், கடைசில கைக்கு வர்றதை எடுத்து வாசிக்க முடியுமா முடியாதா, இது அத்தனையும் அந்த ஒரு முடிவைப் புடிச்சுத்தான் நிக்குது.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். காசு மிச்சம் பண்றதுக்காக செய்யறோம்னு நெனச்சா வேணாம். கடைல ரெடிமேடா கிடைக்கிற தொடக்கநிலை பேஸ் ஒண்ணோட விலைக்கு இங்க ட்யூனர் (ஸ்ட்ரிங்கை முறுக்கற திருகு), பிரிட்ஜ் (பாடில ஸ்ட்ரிங்கைத் தாங்கறது), பிக்கப், ட்ரஸ் ராட் (நெக்குக்குள்ள போற கம்பி), ஃபிரெட் வயர் (நெக்குல ஸ்வரத்தைப் பிரிக்கற உலோகக் கம்பி) இப்படி பாகம் மட்டும் வாங்கவே சில சமயம் பத்தாது, வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சா கூரியரும் சுங்க வரியும் வேற. நம்ம கைக்கு ஏத்த நெக், நமக்குப் புடிச்ச வடிவம், தோள்ல மாட்டினா சாயாத எடை, நம்ம ஊர் மரம், இதுக்காக செய்யறோம்னா அது சரியான காரணம், அதுக்கு உழைக்கலாம்.

நான் எல்லா வழியையும் ஒரே கேள்வி வச்சுத்தான் பிரிச்சுப் பாக்கறேன்: இந்த இடத்துல கை பிசகினா திருத்த முடியுமா முடியாதா? பாடியோட ஓரம் ரெண்டு மில்லிமீட்டர் கூட குறைய போனா யாருக்கும் தெரியப் போறதில்ல, உப்புத்தாள் போட்டு வளைவை சரி பண்ணிடலாம். பிக்கப் குழி கொஞ்சம் பெருசாயிட்டா மேல போடற பிக்கார்டு தகடு மூடிக்கும். ஆனா ட்ரஸ் ராடுக்கு வெட்டற காடி கோணலா போச்சுன்னா, இல்ல ஃபிரெட் வெட்டு அகலமாயிடுச்சுன்னா, அந்தக் கட்டையை ஓரமா வச்சுட்டு புதுசா ஆரம்பிக்க வேண்டியதுதான். முதல் தடவை செய்யறவங்க திருத்த முடியாத வேலையை எவ்வளவு கம்மியா எடுத்துக்கறாங்களோ அவ்வளவு நல்லது, அதே சமயம் எல்லாத்தையும் வாங்கி மாட்டிட்டா செஞ்ச மாதிரியே இருக்காது. அந்தக் கோட்டை எங்க போடறதுங்கறதுதான் கேள்வியே.

எதை மாதிரியா வச்சுக்கறதுன்னு குழம்பவே வேணாம். 1951-ல கலிஃபோர்னியா ஃபுல்லர்ட்டன்ல லியோ ஃபெண்டர் கொண்டு வந்த பிரிசிஷன் பேஸ் வீட்ல செய்யறவங்களுக்குன்னே யோசிச்ச மாதிரி இருக்கும். தட்டையான பலகை பாடி, 1¾ இஞ்ச் கனம், அதுல ஒரு குழி, குழிக்குள்ள நெக், நாலு ஸ்க்ரூ, அவ்வளவுதான். தலைப்பகுதி சாய்வு இல்லாம நேரா இருக்கறதால ஒரு இஞ்ச் பலகைலயே மொத்த நெக்கும் வந்துடும். ஃபேக்டரில நெக்கும் பாடியும் தனித்தனியா செஞ்சு கடைசில சேக்கலாம், நெக் கெட்டா கழட்டி வேற போடலாம்னு யோசிச்ச டிசைன், அதனால நமக்கும் ஒரு பாகம் பாழானா இன்னொண்ணு தப்பிக்கும்.

கிட்

பெட்டியைப் பிரிச்சா பாடி வெட்டி குழியெல்லாம் எடுத்து வச்சிருக்கும், நெக்குல ஃபிரெட் அடிச்சிருக்கும், ஸ்க்ரூக்கு ஓட்டைகூட போட்டிருக்கும். நம்ம வேலை உப்புத்தாள் போடறது, பாலிஷ், கொஞ்சம் சால்டரிங், செட்டப் (ஸ்ட்ரிங் உயரம், சுருதி எல்லாம் சரி பண்றது). தப்பு நடக்க வழியே கம்மி. ஆனா இதுல நம்மளோடதுன்னு சொல்ல ஒண்ணும் இல்லியே, வடிவம் அவங்களோடது, மரம் அவங்களோடது. விலை கம்மியான கிட்ல பாடி ரொம்ப லேசான மரமா இருக்கும், அப்ப ட்யூனர் இருக்கற தலைப்பக்கம் கனமாகி, ஸ்ட்ராப்ல மாட்டிட்டு கையை விட்டதும் நெக் கீழ சாயும், ஒரு மணி நேரம் வாசிச்சா இடது தோள் வலிக்கும். ஃபிரெட்டும் பெரும்பாலும் சமமா இருக்காது, தேய்ச்சு லெவல் பண்ற வேலை எப்படியும் நம்ம தலைல வரும். வயரிங்கும் செட்டப்பும் மட்டும் கத்துக்கணும்னா கிட் வாங்குங்க. மரவேலை செய்யணும்னு கை துறுதுறுங்கறவங்களுக்கு இது பத்தாது.

பழைய நெக், புது பாடி

மரவேலைல அடிப்படை தெரிஞ்சு, ஆனா கருவி அதிகம் இல்லாதவங்களுக்கு நான் தைரியமா சொல்ற வழி இது. செகண்ட் ஹேண்ட்ல அடிபட்ட பேஸ் ஒண்ணு வாங்குங்க, பாடி உடைஞ்சிருந்தாலும் பெயின்ட் உரிஞ்சிருந்தாலும் பரவால்ல, நமக்கு வேண்டியது நெக்கும் ட்யூனரும் பிரிட்ஜும்தான். தனியா ஒவ்வொண்ணா வாங்கறதைவிட இது நிச்சயமா கம்மியா வரும். வாங்கறப்ப நெக்கைக் கண்ணுக்கு நேரா புடிச்சு தலைப்பக்கத்துலேர்ந்து பாருங்க. முன்னாடியோ பின்னாடியோ வில் மாதிரி வளைஞ்சிருந்தா ட்ரஸ் ராடைத் திருப்பி நேராக்கலாம், ஆனா முறுக்கிக்கிட்டு இருந்தா விட்டுடுங்க, முறுக்கை எடுக்கறது ராடால ஆகாது. ஆலன் கீ கைல கொண்டு போய் ராட் திரும்புதா இறுகுதான்னு அங்கயே பாத்துடணும், வீட்டுக்கு வந்து பாத்தா லேட்டு.

இதுல கவனம் வேண்டிய ஒரே இடம் நெக் உக்கார்ற குழி. ஃபெண்டர் அளவுல ஆழம் 16 மில்லிமீட்டர், அகலம் 63 சுத்தி வரும், ஆனா புத்தகத்துல இருக்கற அளவை நம்பி வெட்டாதீங்க, கைல இருக்கற நெக்கோட அடியை அப்படியே எம்.டி.எஃப் பலகைல வச்சு சுத்தி பட்டி ஒட்டி டெம்ப்ளேட் செஞ்சுக்கங்க, ரூட்டர்ங்கற குடையற மிஷின்ல பேரிங் வச்ச பிட் போட்டா அது அந்த ஓரத்தையே புடிச்சுக்கிட்டு போகும். குழி இறுக்கமா வந்தா சுரண்டிக்கலாம், லூசா போனா மெல்லிசா வெனீர் துண்டு ஒட்டலாம், ஆழம் கூடிப்போனா அடில மரத்தகடு வச்சு ஏத்தலாம். அதாவது இந்த வழில எங்க பிசகினாலும் ஒரு மருந்து இருக்கு. ரூட்டர் இல்லாதவங்க உளியாலயே இதை எடுக்கலாம், ஒரு நாள் கூட ஆகும், ஆனா நல்லா தீட்டின உளி இருந்தா சுத்தமா வரும்.

குறை என்னன்னா, நம்ம கை தொட்டுக்கிட்டே இருக்கற பாகம் நெக்தான், அது வேற யாரோ செஞ்சதா இருக்கும். அஞ்சு ஸ்ட்ரிங் வேணும், ஸ்கேல் (தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற நட்லேர்ந்து பிரிட்ஜ் வரைக்கும் உள்ள நீளம்) மாத்தணும், கை சின்னது அதனால நெக் ஒல்லியா வேணும்னா இந்த வழி உதவாது.

நெக்கும் நாமளே

என் ஓட்டு இதுக்குத்தான், ஆனா ஒரு நிபந்தனையோட. ஃபிரெட்போர்டை, அதாவது நெக் மேல ஒட்டற விரல் பலகையை, மட்டும் ஃபிரெட்டுக்கு வெட்டுப் போட்டதா வாங்கிடுங்க. சி.என்.சி.ங்கற கம்ப்யூட்டர் மிஷின்ல வெட்டி, ரேடியஸும் (மேல்பக்க வளைவு) போட்டு விக்கறாங்க, அதைத் தூக்கிட்டு வந்து நாம செஞ்ச நெக் கட்டை மேல ஒட்டிடலாம். ஏன் அதை மட்டும் வாங்கணும்? நெக்கோட பின்பக்கத்தை செதுக்கறது திருத்தக்கூடிய வேலை. கொஞ்சம் தடிமனா விட்டு வச்சு, கைல புடிச்சுப் பாத்து, இன்னும் கொஞ்சம் ராவி, மறுபடி புடிச்சுப் பாத்துன்னு நிதானமா போகலாம், நம்ம கைக்கு எப்ப பொருந்துதோ அப்ப நிறுத்திக்கலாம், முழுசா கையால செய்யற வேலைல இதுதான் அருமையான பகுதி, ரெண்டு மூணு சாயங்காலம் அரமும் ஸ்கிரேப்பரும் வச்சுக்கிட்டு உக்காந்தா முடிஞ்சிடும். ஃபிரெட் வெட்டு அப்படியில்ல, ஒரு தடவை ரம்பம் இறங்கிட்டா இறங்கினதுதான்.

இருந்தாலும் நியாயமா ஒண்ணு சொல்லணும். ஃபிரெட் வெட்டறதுன்னா எல்லாரும் பயப்படறது இடத்தைப் பத்தி, ஆனா பேஸ்ல அந்த பயம் தேவைக்கு மேல இருக்கு. கணக்கு சுலபம், ஸ்கேல் நீளத்தை 17.817-ஆல வகுத்தா நட்லேர்ந்து முதல் ஃபிரெட் தூரம் வரும், 34 இஞ்ச் அதாவது 863.6 மில்லிமீட்டருக்கு 48.47. மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால வகுத்தா அடுத்த ஃபிரெட், இப்படியே போனா 12-வது ஃபிரெட் சரியா பாதில, 431.8-ல வந்து நிக்கும். அங்க அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாக்கூட சுருதில வர்ற வித்தியாசம் ரெண்டு சென்ட்தான், நூறு சென்ட் சேந்தா ஒரு ஸ்வரஸ்தானம், அதனால ரெண்டு சென்ட் காதுக்கே எட்டாது. பேஸ் நீளம்ங்கறதால கிட்டாரைவிட இதுல மன்னிப்பு ஜாஸ்தி. ஒவ்வொரு ஃபிரெட்டையும் நட்லேர்ந்தே அளக்கணும், ஒரு ஃபிரெட்லேர்ந்து அடுத்ததை அளந்தா சின்னச் சின்ன பிசகு எல்லாம் சேந்துக்கும், அது ஒண்ணுதான் விதி. உண்மையான கஷ்டம் வெட்டோட அகலத்துல இருக்கு. ஃபிரெட் வயரோட அடி நாக்கு அரை மில்லிமீட்டர் சுத்தி, அதுக்கு வெட்டு 0.6 தாண்டக் கூடாது, நம்ம ஆசாரி வச்சிருக்கற ரம்பம் எதுவும் அவ்வளவு மெல்லிசா வெட்டாது, அதுக்குன்னு தனி ரம்பம் வாங்கணும், அதைக் கோணாம புடிக்க ஒரு வழிகாட்டிக் கட்டை செய்யணும். ஒரே ஒரு பேஸுக்காக இவ்வளவும் வாங்கறதைவிட வெட்டுப் போட்ட போர்டு வாங்கறது லாபம். அடுத்தடுத்து செய்யப் போறோம்னு தெரிஞ்சா ரம்பம் வாங்குங்க.

இந்த இடத்துல வீணையை நினைக்காம இருக்க முடியல. தஞ்சாவூர் வீணைல 24 மெட்டையும் மெழுகுல பதிப்பாங்க, மேளம் கட்டறதுன்னு சொல்வாங்க, காதால கேட்டு சுருதி பாத்து நகத்தி நகத்தி வைப்பாங்க, வருஷம் கழிச்சு மெழுகு இளகினா மறுபடி கட்டிக்கலாம். திருத்தறதுக்கு இடம் விட்டே செஞ்ச வாத்தியம் அது. பேஸ்ல அந்த சௌகரியம் கிடையாது.

ஃபிரெட்டே வேணாம்னு ஃபிரெட்லெஸ்ஸா செய்யறது இன்னொரு வழி, இதை நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. வெட்டு இல்ல, வயர் அடிக்கற வேலை இல்ல, லெவல் இல்ல, ஃபிரெட் தலையை உருட்டற கிரவுன் வேலை இல்ல, நெக் செய்யறதுல பாதி வேலை போயிடும். கமகம் புடிக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு இதைவிட நல்ல பேஸ் கிடையாது. ஆனா போர்டு கெட்டியான மரமா இருக்கணும், கருங்காலியோ நல்ல வைரம் பாஞ்ச ஈட்டியோ, இல்லேன்னா மேல உருண்டைக் கம்பி சுத்தின ரவுண்ட்வூண்ட் ஸ்ட்ரிங் கொஞ்ச நாள்லயே கோடு போட்டுடும். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃபிரெட் இல்லாத தன்னோட 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸ்ல போர்டு மேல படகுக்குப் பூசற எபாக்ஸியைப் பூசினது இதுக்காகத்தான். போர்டோட மேல்பரப்பு முழுசும் மேடு பள்ளம் இல்லாம இருந்தாகணும்ங்கறதுல மட்டும் சலுகை இல்ல. ஏற்கெனவே ஃபிரெட் வச்ச பேஸ் ஒண்ணு கைல இருந்து, ரெண்டாவதா ஒண்ணு செய்யறவங்க இதைத்தான் செய்யணும்னு சொல்வேன்.

நெக் செய்யறதுல திருத்த முடியாத வேலை இன்னும் ஒண்ணு பாக்கி, ட்ரஸ் ராட். நாலு ஸ்ட்ரிங்கும் சேந்து சுமார் 75 கிலோ அளவுக்கு இழுக்கும், ஒரு ஆள் எடை ராவும் பகலும் நெக்கைப் புடிச்சு வளைச்சுக்கிட்டே இருக்கற கணக்கு. அதை எதிர்த்து நிக்கறது இந்தக் கம்பிதான், அது ஃபிரெட்போர்டுக்கு அடில ஒட்டி மூடிடறதால கெட்டா போர்டையே பேத்தாகணும். அதனால ரெண்டு பக்கமும் திருப்பக்கூடிய ராட் வாங்குங்க, காசு இங்க போடுங்க, ட்யூனர்ல மிச்சம் புடிச்சுக்கலாம், ட்யூனர் எப்ப வேணா மாத்தலாம். காடி வெட்டறதுக்கு முன்னாடி ராட் கைல இருக்கணும். பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் அகலம், ஆழம் 9-லேர்ந்து 10, ஆனா ராடுக்கு ராடு மாறும். கட்டை சதுரமா இருக்கறப்பவே, வடிவம் வெட்டறதுக்கு முன்னாடியே காடியை எடுத்துடணும், அப்பத்தான் ரூட்டரோட கைடுக்கு நேரான ஓரம் கிடைக்கும். ஒட்டறப்ப பசை காடிக்குள்ள ஒழுகி ராடைப் புடிச்சுக்காம மேல மெல்லிசா டேப் ஒட்டிட்டு, பசை தடவினதும் டேப்பை எடுத்துட்டு போர்டை வைக்கணும்.

பசை விஷயத்துலயும் தேர்வு இருக்கு. சாதாரண வெள்ளைப் பசை காஞ்சாலும் வெயில்ல கொஞ்சம் இளகும், தொடர்ந்து இழுவை இருக்கற இடத்துல மெதுவா நகரும், மே மாசம் காருக்குள்ள பேஸை வச்சுட்டுப் போற ஊர்ல இது பெரிய விஷயம். டைட்பாண்ட் ஒரிஜினல் மாதிரி மஞ்சள் பசை அதைவிட கெட்டி, வேணும்னா சூடு காட்டிப் பிரிக்கவும் செய்யலாம், ட்ரஸ் ராட் கெட்டுப்போனா அது பெரிய உதவி. தண்ணி கலந்த எந்தப் பசையும் போர்டோட அடிப்பக்கத்தை ஊற வச்சு லேசா வளைக்கும், எபாக்ஸி வளைக்காது, ஆனா பிரிக்கறது கஷ்டம். நான் மஞ்சள் பசையை மெல்லிசா தடவி, நிறைய கிளாம்ப் போட்டு, ஒரு நாள் முழுக்க விடறதுதான் சரின்னு நினைக்கறேன்.

நெக்-த்ரூ

தலையிலேர்ந்து பாடியோட அடி வரைக்கும் ஒரே நீளக் கட்டை, ரெண்டு பக்கமும் சிறகு ஒட்டறது. அலெம்பிக் மாதிரி பெரிய பேர் எடுத்தவங்க செஞ்ச முறை, பாக்கவே அழகு, மேல் ஃபிரெட் வரைக்கும் கை தடங்கல் இல்லாம போகும். ஆனா நெக்கோட கோணம், ஸ்ட்ரிங்கோட உயரம், பிரிட்ஜோட இடம் எல்லாத்தையும் வெட்டறதுக்கு முன்னாடியே காகிதத்துல முடிவு பண்ணியாகணும், பின்னாடி தகடு வச்சு ஏத்தவோ கழட்டி மாத்தவோ முடியாது. நேரான ரேகையோட நாலடி கட்டை கிடைக்கறதும் லேசில்ல, பல பட்டைகளை ஒட்டித்தான் செய்யணும். முதல் பேஸுக்கு வேணவே வேணாம். வீணைலயும் ஒரே மரத்துல குடையற ஏகாந்த வீணைக்கு மதிப்பு ஜாஸ்தி, குடம் தண்டி யாளி தனித்தனியா செஞ்சு சேக்கற ஒட்டு வீணையும் மேடைல நல்லாத்தான் பேசுது. நெக்கை ஸ்க்ரூ போட்டு மாட்டற போல்ட்-ஆன்ல சத்தம் நிக்காதுன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, நாம ரெக்கார்டுல கேட்டு மயங்கின பேஸ்ல எத்தனையோ நாலு ஸ்க்ரூ போட்டதுதான்.

மரம்

கிட்டார் உலகத்துல பாடிக்கு ஆல்டர், ஆஷ், நெக்குக்கு மேப்பிள்ம்பாங்க, அதெல்லாம் அமெரிக்காவுல பக்கத்துல கிடைச்ச மரம், அதனால போட்டாங்க. இங்க மேப்பிளைத் தேடி அலையறதைவிட நல்லா காஞ்ச நம்ம மரத்தைத் தேடறது புத்திசாலித்தனம்.

பாடிக்கு எடை கணக்குப் போட்டுப் பாருங்க. குழியெல்லாம் போக ஒரு பிரிசிஷன் பாடில கிட்டத்தட்ட 5 லிட்டர் அளவு மரம் இருக்கும். மஹாகனி கன மீட்டருக்கு 550 கிலோ சுத்தி, அப்ப பாடி 2.8 கிலோ. தேக்கு 650 சுத்தி, பாடி 3.2. ஈட்டி 800 தாண்டும், பாடி மட்டும் 4 கிலோவுக்கு மேல போயிடும், நெக்கும் இரும்பும் சேந்தா ஆறு கிலோவைத் தூக்கிக்கிட்டு நிக்கணும், வேணாம். மொத்த பேஸ் நாலு நாலரை கிலோல நின்னா தோளுக்கு நல்லது, சாயவும் சாயாது. அதனால பாடிக்கு மஹாகனி முதல், கேரளாப் பக்கத்துலேர்ந்து வர்றது டிம்பர் டிப்போவுல கிடைக்கும், ரேகை அமைதியா இருக்கும், உளிக்கும் ரூட்டருக்கும் அடங்கும். பலாவும் நல்ல தேர்வு, வீணையும் மிருதங்கமும் அதுலதான் செய்யறாங்க, அந்த மஞ்சள் நிறத்துக்கு எண்ணெய் மட்டும் போட்டா போதும், நாள் ஆக ஆக தேன் நிறத்துக்கு மாறும்.

நெக்குக்கு என் தேர்வு பழைய தேக்கு. புதுசு இல்ல, வீடு இடிச்ச மரம். செட்டிநாட்டு வீடுகள்ல பர்மா தேக்கு உத்தரமும் தூணும் போட்டு கட்டியிருக்காங்க, இடிக்கறப்ப அதெல்லாம் காரைக்குடிப் பக்கம் விலைக்கு வருது, மத்த ஊர்லயும் பழைய கதவு நிலை விக்கற கடைகள் உண்டு. பல பத்து வருஷம் காத்துல இருந்து காஞ்ச கட்டை, இனிமே அது வளைய ஒண்ணும் இல்ல. தேக்கு ஈரத்துக்கு விரியறதும் சுருங்கறதும் ரொம்ப கம்மிங்கறதால சென்னை மாதிரி கடலோர ஊருக்கு, மழைக்காலம் வந்தா கதவு இறுகற ஊருக்கு, நெக்குக்கு இதைவிடப் பொருத்தமா ஒண்ணு சொல்லத் தெரியல. வெட்டறதுக்கு முன்னாடி காந்தம் வச்சு ஆணி இருக்கான்னு தடவிப் பாத்துடுங்க. கட்டையோட முனைல வளையத்தைப் பாத்து, வளையக்கோடு பலகையோட அகலப்பக்கத்துக்கு செங்குத்தா நிக்கற மாதிரி அறுக்கச் சொல்லுங்க, அப்ப முறுக்காது. தேக்குல எண்ணெய் இருக்கும், ஒட்டறதுக்கு முன்னாடி அசிட்டோன் போட்டு துடைச்சிட்டு உடனே பசை தடவணும், இல்லேன்னா ஒட்டு விட்டுடும். உளியை அடிக்கடி தீட்டவும் வேண்டியிருக்கும், அந்த மரத்துல சிலிக்கா ஜாஸ்தி.

புது மரம்தான் கிடைக்குதுன்னா சீசன் ஆச்சான்னு கடைக்காரர் சொல்றதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. வீட்டுக்குக் கொண்டு வந்து நிழல்ல காத்தாட அடுக்கி வச்சு வாரம் ஒரு தடவை எடை போட்டு எழுதி வைங்க, எடை குறையறது நிக்கற வரைக்கும் தொடாதீங்க. மாசக்கணக்குல ஆகலாம், ஆகட்டும்.

ஃபிரெட்போர்டுக்கு உலகமே நம்ம ஈட்டியைத்தான் தேடி வாங்குது. பில்லோட வாங்குங்க, இந்த மரத்தை வெட்டறதுக்கு கட்டுப்பாடு இருக்கு, 2017-லேர்ந்து இது சைட்டிஸ்ங்கற சர்வதேச வனஉயிர் வர்த்தக ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல இருக்கறதால மரமா நாடு விட்டு நாடு அனுப்பறதுக்கும் பேப்பர் கேப்பாங்க. ராவறப்ப மாஸ்க் கட்டாயம், ஈட்டித் தூள் நிறைய பேருக்கு மூச்சுக்கும் தோலுக்கும் ஒத்துக்காது.

ஸ்கேல், பிக்கப், பாலிஷ்

ஸ்கேல்ல 34 இஞ்ச் எடுத்தா ஸ்ட்ரிங், போர்டு, பாகம் எல்லாம் சுலபமா கிடைக்கும். சின்னக் கையா, குழந்தைக்கா, 30 இஞ்ச் போடுங்க, அதே ஸ்ட்ரிங்கை அதே சுருதிக்கு இழுத்தா இழுவை 22 சதவீதம் குறையும், விரலுக்கு மெத்துனு இருக்கும், பால் மெக்கார்ட்னி வாசிச்ச ஹாஃப்னர் பேஸ் ஏறக்குறைய இந்த அளவுதான். அஞ்சாவதா கீழ் பி ஸ்ட்ரிங் வேணும்னா 35 நல்லது, அந்த ஸ்ட்ரிங் 31 ஹெர்ட்ஸ் சுத்தி அதிரணும், நீளம் பத்தலேன்னா தொளதொளன்னு ஆயிடும். ஆனா முதல் நெக்குக்கு நாலு ஸ்ட்ரிங் போதும், அகலம் கூடினா எல்லா வேலையும் கூடும்.

பிக்கப்ல ரொம்ப யோசிக்க ஒண்ணும் இல்ல. 1957-லேர்ந்து பிரிசிஷன்ல வர்ற ரெண்டு துண்டு பிக்கப் தானே இரைச்சலை அடிச்சுக்கற அமைப்பு, எர்த்திங் சரியில்லாத வீட்டுல இது எவ்வளவு நிம்மதின்னு ஜாஸ் பேஸ்ல ஒரு பிக்கப்பை மட்டும் திறந்து வாசிச்சவங்களுக்குத் தெரியும். ஜாஸ்ல ரெண்டு பிக்கப்பையும் கலந்து நிறைய சத்தம் எடுக்கலாம், அது நிஜம்தான், வேணும்னா பிரிட்ஜ் பக்கம் ஒரு ஜாஸ் பிக்கப்பை பின்னாடி சேத்துக்கலாம், குழி வெட்டறது எப்ப வேணாலும் முடியும், வெட்டின குழியை மறைக்கறதுதான் கஷ்டம். 250கே பாட் (வால்யூம், டோன் திருகு) ரெண்டு, 0.047 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணு, ஜாக் ஒண்ணு, பிரிட்ஜுக்கு ஒரு எர்த் வயர், முடிஞ்சது. ஆக்டிவ் ப்ரீஆம்ப் போடணும்னு தோணினா பேட்டரிக்கு மட்டும் இடம் விட்டு வைங்க.

பாலிஷ்க்கு வீட்ல பி.யூ. ஸ்ப்ரே அடிக்காதீங்க, ரெண்டு டப்பா கலந்து அடிக்கற வகைல வர்ற ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து, சாதாரண துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அரக்கு கரைச்சு போடற பிரெஞ்சு பாலிஷ் நம்ம ஊர் ஆசாரிங்களுக்குப் பழகின வேலை, பாடிக்கு அழகா வரும், ஆனா வேர்வைக்கு இளகும், அதனால நெக்குக்கு எண்ணெய்தான். டங் ஆயிலோ காய்ச்சின ஆளி எண்ணெயோ மெல்லிசா மூணு நாலு கோட், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நல்லா காய விட்டு. கீறல் விழுந்தா அந்த இடத்துல மட்டும் உப்புத்தாள் போட்டு மறுபடி எண்ணெய் தடவிக்கலாம், ஸ்ப்ரே அடிச்சதுல அது நடக்காது. எண்ணெய் துடைச்ச துணியை சுருட்டி மூலைல போட்டுடாதீங்க, ஆளி எண்ணெய் காயறப்ப வர்ற சூட்டுல அது தானாவே தீப்புடிக்கும், விரிச்சுப் போட்டு காய வைங்க இல்ல தண்ணில முக்கி வைங்க.

கடைசியா வேலையோட வரிசை. எல்லா பாகமும் கைக்கு வந்த பிறகு ரம்பத்தை எடுங்க, ட்யூனர் ஓட்டை, பிரிட்ஜ் அகலம், ராட் நீளம் எல்லாமே கைல இருக்கற பொருளை வச்சு அளந்ததா இருக்கணும். நெக் முதல்ல, அதுக்கு ஏத்த குழி அப்புறம். நெக்கை மாட்டிட்டு ரெண்டு ஓர ட்யூனர்லேர்ந்தும் நட் வழியா நூல் புடிச்சு, போர்டோட ரெண்டு ஓரத்துக்கும் இடைவெளி சமமா வர்ற இடத்தைப் பாத்து அதுக்கப்புறம் பிரிட்ஜுக்கு ஓட்டை போடுங்க. ஜி ஸ்ட்ரிங்கோட சேடில் (பிரிட்ஜ் மேல ஸ்ட்ரிங் உக்கார்ற நகர்த்தற துண்டு) கிட்டத்தட்ட முழுசா முன்னாடி வந்திருக்கறப்ப அது ஸ்கேல் நீளத்துல இருக்கணும், தடிச்ச ஸ்ட்ரிங்குக்கு பின்னாடி போக இடம் தேவைப்படும். பாலிஷ் போடறதுக்கு முன்னாடியே ஒரு தடவை முழுசா ஸ்ட்ரிங் ஏத்தி ரெண்டு மூணு வாரம் அப்படியே விட்டு வைங்க, நெக் அந்த இழுவைக்குப் பழகி நிக்கட்டும், அதுக்கப்புறம் ராடை சரி பண்ணி ஃபிரெட்டை லெவல் பண்ணுங்க. நெக்குல ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கத்துல 0.3 மில்லிமீட்டர் சுத்தி குழிவு இருந்தா போதும், அதுலேர்ந்து ஆரம்பிச்சு உங்க விரலோட அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி ஏத்தி இறக்கிக்கங்க.